விடியற்காலையில் மலையில் விசிலடிப்பது எந்தப் பறவை?

வால்பாறையில் தங்கியிருந்தபோது விடிவதற்கு முன்பே யாரோ விசிலடிப்பது கேட்டது, வெளியே வந்து பார்த்தால் ஆளே இல்லை, அது பறவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பறவைதான். சீகாரப் பூங்குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடையும் நிழலும் உள்ள இடமென்றால் அநேகமாக இருக்கும். அதன் பாட்டில் குயிலைப் போல ஒரே கூவல் திரும்பத் திரும்ப வராது. வேலைக்குப் போகிற பையன் ஏதோ நினைப்பில் ஒரு மெட்டைத் தொடங்கி, பாதியில் விட்டு, வேறொன்றுக்குத் தாவி, அதையும் முடிக்காமல் போவது போல இருக்கும், அதனால்தான் கேட்கிற எல்லோரும் மனிதக் குரல் என்றே நினைக்கிறார்கள். மழைக்காலம்தான் இது கூடு கட்டும் முக்கியமான பருவம், பாட்டும் அப்போதுதான் அதிகம்.

நானும் முதல் தடவை மரங்களில்தான் தேடினேன். அது இருந்ததோ கீழே, தண்ணீருக்கு நடுவே ஒரு பாறையில். நிழலில் வெறும் கறுப்பாகத் தெரிந்தது, மைனாவை விடக் கொஞ்சம் பருமன், சுமார் 25 செ.மீ. இருக்கும், அலகும் காலும்கூடக் கறுப்புதான். சரி, ஏதோ கரிய பறவை என்று திரும்பப் போனேன், அப்போது அது ஒரு எட்டு தத்தி வெயிலுக்கு வந்தது. நெற்றியிலும் தோளிலும் பளீரென்று நீலம்! அந்த நீலத்தை நான் எந்தப் படத்திலும் சரியாகப் பார்த்ததே இல்லை. வாயில் ஒரு சின்ன நண்டு. அதைப் பாறையில் ஓங்கி ஓங்கி அடித்து, கால்கள் உதிர்ந்த பிறகு விழுங்கியது. புழு, பூச்சி, தவளை, பழம் எல்லாமே தின்னும்.

ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். குஞ்சுகள் மட்டும் பழுப்பாக, நெற்றி நீலம் இல்லாமல் இருக்கும், அதைப் பார்த்து வேறு இனம் என்று குழம்ப வேண்டாம். பாசியும் வேரும் சேர்த்து, அருவியை ஒட்டிய பாறை இடுக்கில் கூடு வைக்கும், சில சமயம் சாலைப் பாலத்துக்கு அடியிலும்கூட. இதனால் ஓடைக்கரை மரங்களை வெட்டி நிழலை எடுத்துவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது, இந்தப் பறவைக்கு இரையும் கூடும் அங்கேதானே.

அடுத்த முறை போனால் விசில் கேட்ட திசையில் இருக்கும் ஓடைக்கு இறங்குங்கள். பாலம் இருந்தால் ஓரமாக அசையாமல் நில்லுங்கள். வாலை அடிக்கடி விசிறி போல விரித்து மடக்கிக்கொண்டே இருக்கும், இருட்டான இடத்தில் முதலில் கண்ணில் படுவது அந்த அசைவுதான்.