தபால்காரர்கள் மட்டும்தானா?

அன்புள்ள ஐயா,

பூஜ்ஜியம் முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்று கல்லூரி நண்பன் ஒருவன் வாதிட்டான். நான் நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தரைச் சொன்னேன். அரேபியர்கள் நம் கணிதத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன தபால்காரர்கள் மட்டும்தானே?

எம்.

அன்புள்ள எம்.,

நண்பர் சொன்னது தவறு. கி.பி. 628-லேயே பிரம்மகுப்தர் பூஜ்ஜியத்தைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதி எழுதிவிட்டார். பூஜ்ஜியத்தைப் பூஜ்ஜியத்தால் வகுத்தால் பூஜ்ஜியம் என்றும் எழுதினார், அது தவறு, கிடக்கட்டும். ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து பாக்தாதில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் இதை இந்தியக் கணக்கு என்று சொல்லியே எழுதினார். அவருக்கு இல்லாத சண்டை உங்கள் இருவருக்கும் எதற்கு?

ஆனால் 'தபால்காரர்கள் மட்டும்' என்றீர்களே, அங்கேதான் கோபம் வருகிறது. வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்து, அதில் இல்லாததையும் எழுதிச் சேர்க்கிற தபால்காரரை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

952-ஐ ஒட்டி டமாஸ்கஸில் அல்-உக்லிதிசி என்பவர் இந்தியக் கணக்கைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அன்று அந்தக் கணக்கு புழுதி பரப்பிய பலகையில் எழுதி, அழித்து, மறுபடி எழுதிப் போடுவது. தெருவோர ஜோசியக்காரர்கள் வைத்திருக்கும் பலகை என்பதால் நாலு பேர் முன்னால் அதைக் கையில் எடுக்கவே பலர் கூசுகிறார்கள் என்கிறார் மனிதர். அழிக்காமல், மையால் தாளில் போட வழிகள் வகுத்தார்.

நான் சிலேட்டுக் காலத்து ஆள். எச்சில் தொட்டு அழித்துக்கொண்டே கணக்குப் போடுவேன். விடை தப்பினால் வாத்தியார், "எங்கடா தப்பு விட்டே, காட்டு" என்பார். காட்ட என்ன இருக்கும்? எல்லாம் புறங்கையில் ஒட்டியிருக்கும். பிரம்படிதான். படிகள் தாளில் நின்றால்தானே இன்னொருவர் பார்த்துத் திருத்த முடியும்? உக்லிதிசி மானத்துக்குப் பயந்து தாளுக்குப் போனார் என்றே வைத்துக்கொள்வோம், லாபம் கணிதத்துக்கு.

அதே நூலில் 19-ஐ ஐந்து முறை பாதியாக்குகிறார். 9.5, 4.75 என்று இறங்கி 0.59375-இல் நிற்கிறது. நம்மைப் போலப் புள்ளி வைக்கவில்லை. ஒன்றாம் இட இலக்கத்தின் தலைமேல் சிறு கோடு. நமக்குக் கிடைத்த அரபு நூல்களில் தசம பின்னம் முதலில் வருவது இதில்தான். பூஜ்ஜியத்தை வாங்கிக்கொண்டு அவர்கள் செய்தது இது. கணிதத்திலும் கைவைத்த கவிஞர் உமர் கய்யாமையும், 1424-இல் பை (π) மதிப்பைப் பதினாறு தசம இடம்வரை கணித்த அல்-காஷியையும் இன்னொரு நாள் பேசலாம்.

பிரம்மகுப்தரின் பேரைத் தாண்டி நீங்கள் எதுவும் படித்ததில்லை என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் சண்டைக்குப் பேர் போதும். நண்பரையும் உட்காரவைத்து அந்த 19-ஐத் தாளில் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு பேரும் போனைத் தொடக்கூடாது.