ஏழாம் வகுப்பில் ஜேஇஇ பயிற்சியா? முதலில் பின்னக் கணக்கைப் பாருங்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பையன் அரசு உதவி பெறும் பள்ளியில் ஏழாம் வகுப்பு, முதல் பருவத்தில் கணக்கில் 41 மதிப்பெண். பக்கத்து வீட்டுப் பிள்ளையை, ஐஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான ஜேஇஇ-க்கு ஃபவுண்டேஷன் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள், நாமும் நகையை அடகு வைத்து ஐம்பதாயிரம் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஜேஇஇ கேட்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். அதற்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் புத்தகங்களில் இருப்பதே உங்கள் பையனுக்கு இப்போது போதும். அதில் பின்னம், குறை எண்கள், விகிதம், இயற்கணிதத்தின் தொடக்கம், இந்த நாலும் கைவர வேண்டும். வடிவியலும் தகவல் செயலாக்கமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்பது, பத்தாம் வகுப்பில் கணக்கு வரவில்லை என்று என்னிடம் வருகிற பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தால், இடறிய இடம் பெரும்பாலும் இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் பையனிடம் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்தில் இரண்டு என்றானானால் திட்ட வேண்டாம். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறான். ‘கையில் அரை இருந்தது, இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், அரையைவிடக் குறையுமாடா?’ என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் ஒரு நீளத் துண்டுக் காகிதத்தை ஆறு சம பாகமாக மடிக்கச் சொல்லுங்கள். அரை என்பது மூன்று கட்டம், மூன்றில் ஒன்று என்பது இரண்டு கட்டம், மொத்தம் ஐந்து கட்டம். விடை ஆறில் ஐந்து. அந்த ஆறுதான் இரண்டுக்கும் மூன்றுக்கும் மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.), அதாவது இரண்டாலும் மூன்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண். மீ.சி.ம. கணக்கைப் பக்கம் பக்கமாகப் போட்ட பிள்ளைகளில் பலருக்கு அது எதற்கு என்று தெரிந்திருப்பதில்லை. ஒரு காகிதத் துண்டில் அது தெரிந்துவிடும்.

குறை எண்ணிலும் இதே கதைதான். மைனஸ் மூன்றிலிருந்து ஐந்தைக் கழி என்றால் எட்டு என்று எழுதுவார்கள். ‘மைனஸும் மைனஸும் ப்ளஸ்’ என்று மனப்பாடம் செய்தது இங்கே வந்து நிற்கும். அது பெருக்கலுக்கு உள்ள விதி. மளிகைக் கடையில் மூன்று ரூபாய் கடன் இருக்கும்போது இன்னும் ஐந்து ரூபாய்க்குக் கடன் வாங்கினால் மொத்தக் கடன் எட்டு. அதனால் விடை மைனஸ் எட்டு.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். ‘8 + 4 = ☐ + 5’ என்று எழுதிக் கொடுங்கள். கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறியை அவன் ‘விடை இதோ’ என்று படிக்கிறான் என்று அர்த்தம். இரண்டு பக்கமும் ஒரே எடை இருக்க வேண்டிய தராசு அது, 7 வைத்தால்தான் நிற்கும். இது பிடிபடாமல் சமன்பாட்டுக்குப் போனால், ‘எக்ஸை அந்தப் பக்கம் கொண்டு போ, குறி மாறும்’ என்பது வெறும் மந்திரமாகத்தான் இருக்கும்.

விகிதமும் சதவீதமும் தேர்வு முடிந்த பிறகும் கூடவே வரும். செவிலியர் படிப்புக்குப் போகிற பெண், 500 மில்லி குளுக்கோஸ் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு என்று போடத் தெரிந்திருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 கேள்வி திறனறிவுப் பகுதியில் வருகிறது. சதவீதம், விகிதம், மீப்பெரு பொதுக் காரணி, தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, நேரமும் வேலையும். பெரும்பகுதி எட்டாம் வகுப்புக்குள் முடிந்துவிடுகிற பாடம். பட்டம் முடித்த பிள்ளைகள் இதற்காக மறுபடி ஏழாம் வகுப்புப் புத்தகத்தைத் தேடி எடுப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும்.

நீங்கள் நினைத்த கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஐம்பதாயிரத்துக்கு மாதம் 750, வருடம் 9,000. ஆண்டு வட்டி 18 சதவீதம். இந்தக் கணக்கை அவனையே போடச் சொல்லுங்கள். வீட்டுப் பணம் என்றால் பிள்ளைகள் கவனமாகப் போடுவார்கள்.

அடுத்த வருடம் எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற மத்திய அரசு உதவித்தொகைக்கான தேர்வு இருக்கிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கானது. வருமான வரம்பு உண்டு, தலைமையாசிரியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தேர்ச்சி பெற்றுத் தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் உதவித்தொகை. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடங்களுக்கு 90 கேள்வி. பாடப் பகுதியில் கணக்கு 20. ஃபவுண்டேஷன் வகுப்பைவிட இதற்குத் தயாராவது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும்.

தினமும் அரை மணி நேரம் போதும். வாய்ப்பாடு பன்னிரண்டு வரை தடங்கலில்லாமல் வர வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. வாய்ப்பாடு வராத பிள்ளைக்குப் பின்னத்தைச் சுருக்குவதற்குள் கணக்கே மறந்துவிடும். நீங்கள் எட்டாவது வரைதான் படித்தேன், சொல்லித்தரத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லித்தர வேண்டாம். அவன் உங்களுக்குச் சொல்லட்டும். நீங்கள் ‘ஏன் அப்படி?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருங்கள். பதில் வராத இடத்தில் புத்தகத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டு, மறுநாள் கணக்கு ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.

அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள். தப்பாகப் போட்ட கணக்குகள் உள்ள பக்கங்களை அவன் எழுதியபடியே படம் எடுத்து அனுப்பினால் போதும், அடித்துத் திருத்தியிருந்தாலும் பரவாயில்லை. அதைப் பார்த்துத்தான் அடுத்து எதில் தொடங்கலாம் என்று சொல்ல முடியும்.