ஜிம்முக்கு வருஷச் சந்தாவா, பத்து நிமிஷ நடையா?

கேள்வி: எனக்கு வயது 44. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலிதான். டிசம்பரில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி என்கிற சர்க்கரை அளவு 6.1. மாத்திரை வேண்டாம், எடையைக் குறையுங்கள் என்றார் டாக்டர். போன ஜனவரியில் ஜிம்மில் சேர்ந்து பிப்ரவரியோடு நின்றுவிட்டேன். பொங்கலுக்குள் கட்டினால் வருஷச் சந்தா பாதிதான் என்று இப்போது தினமும் போன் வருகிறது. என் மனைவிக்கு ஏற்கெனவே சர்க்கரை, மாத்திரை எடுக்கிறார். ராத்திரி சாப்பிட்டதும் பத்து நிமிஷம் சேர்ந்து நடப்போம், அதுவே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மனைவி பேச்சை. ஏப்ரல் வரைக்குமாவது.

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் இன்னும் சர்க்கரை நோய் இல்லை, வாசலில் நிற்கிறீர்கள் என்று பொருள். இப்படி வாசலில் நின்றவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு ஒரு பெரிய ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் ஆபத்து சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கொடுக்கப்பட்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். நடந்தவர்களை யாரும் ஜிம்முக்கு அனுப்பவில்லை. தினம் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்த அரை மணியை முதல் நாளே பிடிக்கப் போகாதீர்கள். போன பிப்ரவரியில் நின்றுபோனதற்குக் காரணம் உங்கள் சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே நாளில் உணவு, தூக்கம், ஜிம் என்று எல்லாவற்றையும் மாற்றப் பார்த்திருப்பீர்கள். ராத்திரி சாப்பாடு எப்படியும் தினம் உண்டு. தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பை மாட்டுங்கள். நடக்கும்போது காலின் பெரிய தசைகள் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கும். அதனால்தான் சாப்பிட்ட பிறகு நடப்பதற்குத் தனி மதிப்பு. அது பழகியதும் மதியத்துக்கு ஒரு பத்து, காலைக்கு ஒரு பத்து. வாரம் ஐந்து நாள் இப்படி நடந்தாலே உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிஷம் வந்துவிடும். பிப்ரவரியில் ஆபீஸ் டீக்குச் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். ஜனவரியில் அந்த மாற்றத்தைத் தொடவே வேண்டாம், நடை மட்டும் போதும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பதை நம்பாதீர்கள். லண்டனில் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள்: சராசரியாக 66 நாள், சிலருக்கு அதைவிட எவ்வளவோ அதிகம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. பத்தாயிரம் அடிக் கணக்கும் 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்றவர்கள் கிளப்பிவிட்டதுதான்.

இப்போது அந்த போன் அழைப்புக்கு வருவோம். ஜிம் கெட்டதில்லை, தசைக்கு நல்லதுதான். வருஷச் சந்தாதான் பொறி. பாதிப் பேர் மார்ச்சில் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம் அது. கையில் பணம் இல்லை என்றால் 'வட்டியில்லா இஎம்ஐ' என்பார்கள். கையெழுத்துப் போட்டதும் நீங்கள் கடன்காரர், அதுவும் ஜிம்முக்கு இல்லை, ஏதோ ஒரு நிதி நிறுவனத்துக்கு. ஜிம்மைப் பூட்டிவிட்டு அவர்கள் போனாலும் தவணை பிடித்துக்கொண்டே இருக்கும், நிறுத்தினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். சேர்ந்த வாரமே புரோட்டீன் டப்பா வரும். டிரெய்னருக்கு அதில் கமிஷன் உண்டா என்று கேட்டுப் பாருங்கள், முகமே சொல்லிவிடும். சில வார வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர் சர்க்கரைக்காரருக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறார், கேட்பதற்கு ஆளில்லை. ஏமாந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆனால் அங்கே ஆரம்பித்து ஆணையம் வரை அலைந்து பணத்தை மீட்பதற்குள் எடை தானாகக் குறைந்துவிடும். பிறகு ஆசை வந்தால் மாதாமாதம் கட்டுகிற ஜிம்மாகப் பாருங்கள்.

நடக்க இடம் எங்கே என்பீர்கள். நியாயம்தான். 2023இல் தமிழக அரசு மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைப்பாதை திறந்தது, நல்ல திட்டம். அந்த இடத்துக்குப் போய்ச் சேர ஒருவர் வண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. தெருவில் இருக்கிற நடைமேடையில் டிரான்ஸ்பார்மரும் பைக்கும் நிற்கின்றன. மொட்டை மாடி போதும் உங்களுக்கு.

உங்கள் மனைவி விஷயத்தில்தான் கவனம் வேண்டும். அவருடைய மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் கவலை இல்லை. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிகிளசைடு என்று ஏதாவது இருந்தால், அல்லது இன்சுலின் போட்டால், புதிதாக நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். பல அட்டைகளில் இரண்டு மருந்து சேர்ந்தே இருக்கும், அதனால் முழுப் பெயரையும் படியுங்கள். அவர் சாப்பிடாமல் நடக்கக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டு 'ராத்திரிக்கு ஒரு பழம் போதும்' என்று உணவையும் குறைத்து, நடையையும் கூட்டுவது ஆகவே ஆகாது. கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே உட்காரவைத்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவியில் பாருங்கள். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறிய பிறகு இரண்டு இட்லியாவது சாப்பிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இப்படி ஒருமுறை நடந்தாலும் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இதையெல்லாம் மாத்திரை எழுதும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் ஒதுக்குகிற ஓபியில் யார் சொல்வது!

உங்களுக்கு நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஏப்ரலில் ஹெச்பிஏ1சி திரும்ப எடுங்கள். அது சுமார் மூன்று மாதச் சராசரி, மாதாமாதம் எடுத்துப் பணத்தை வீணாக்காதீர்கள். லேபில் 'புத்தாண்டு பேக்கேஜ், 80 டெஸ்ட்' என்று நீட்டுவார்கள். உங்களுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான், சீட்டில் அதை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.