போட்டி நாள் பயணம்: பணத்தை யாரிடம் கேட்பது?

ரக்பி ஆட்டம் பார்க்கப் போய்ப் பணத்தையும் நாளையும் இழந்தவர்களின் கடிதங்கள் இம்முறை மிகுதியாக வந்திருப்பதால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். நுழைவுச்சீட்டை ஒருவரிடமும், பயணச்சீட்டை இன்னொருவரிடமும், அறையை மூன்றாமவரிடமும் வாங்குகிறோம். இவற்றில் ஒன்று தவறினாலும் நாள் முழுவதும் வீணாகிறது. ஆனால் விற்றவர் ஒவ்வொருவரும் தாம் விற்றதற்கு மட்டுமே பொறுப்பு. நான் குறிப்பிடும் விதிகள் பிரிட்டனுக்கு உரியவை.

கேள்வி: லண்டனின் ட்விக்கன்ஹாம் அரங்கத்தில் நடந்த ஆட்டத்துக்கு மறுவிற்பனைத் தளம் ஒன்றில் இரண்டு நுழைவுச்சீட்டுகளை, ஒவ்வொன்றும் 240 பவுண்டுக்கு, கடன் அட்டையில் வாங்கினேன். வாயிலில் இரண்டும் செல்லாது என்று என்னையும் மகனையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "விற்றவர் வேறு, நாங்கள் இடைத்தரகர்கள்தாம்" என்கிறது தளம்.

பதில்: உங்கள் இருவருக்காகவும் வருந்துகிறேன். ஏமாற்றப்பட்டவர் நீங்கள், ஆகவே கூச்சப்படாமல் முழுப் பணத்தையும் கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, மறுவிற்பனையாகும் சீட்டின் பகுதி, வரிசை, இருக்கை எண், அச்சிட்ட விலை, அதைப் பயன்படுத்துவதற்கான கட்டுப்பாடுகள் ஆகியவை வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கடமை விற்பவருக்கு மட்டுமல்ல, தளத்தை நடத்துபவருக்கும் உண்டு. எனவே "இடைத்தரகர்" என்ற பதிலால் அவர்கள் முற்றிலும் கைகழுவிவிட முடியாது. வாங்கிய அன்று வந்த மின்னஞ்சலில் இவற்றில் எது விடுபட்டிருக்கிறது என்று பார்த்து, அதையே புகாரின் முதல் வரியாக எழுதுங்கள்.

அதே நாளில் கடன் அட்டை வழங்கிய வங்கிக்கும் எழுதுங்கள். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளுக்கு, விற்றவரோடு சேர்ந்து அட்டை நிறுவனமும் பொறுப்பாகிறது. மொத்தத் தொகையைப் பார்க்காமல் ஒவ்வொரு பொருளின் விலையையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள் என்பதால், 60 பவுண்டுச் சீட்டு இரண்டு வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. உங்களுக்கு அந்தத் தடை இல்லை. இடையில் ஒரு தளம் நிற்பதைக் காட்டி வங்கி மறுத்தால், அட்டையில் கட்டிய பணத்தை விற்றவரின் வங்கியிடமிருந்து திரும்பப் பெறும் "சார்ஜ்பேக்" முறையில் அதை மீட்கும்படி கேளுங்கள். அதையும் மறுத்தால் நிதிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

அரங்கத்தார் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்கும் விடை சொல்கிறேன். இங்கிலாந்தின் ரக்பி சங்கம் நுழைவுச்சீட்டுகளைப் பெருமளவு தன் உறுப்புக் கழகங்கள் வழியாகவே வழங்குகிறது. அச்சிட்ட விலைக்கு மேல் அவற்றை விற்பதை அதன் நிபந்தனைகள் தடுக்கின்றன. அந்த நிபந்தனையை மீறி விற்றவர்களின் பெயர்களைக் கேட்டு வயாகோகோ என்ற மறுவிற்பனைத் தளத்தின் மேல் சங்கம் தொடுத்த வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கால்பந்துச் சீட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது 1994 முதல் குற்றமாக இருக்க, அந்தச் சட்டம் ரக்பியைத் தொடவில்லை. அயர்லாந்து 2021இல் சட்டம் இயற்றிப் பெரிய அரங்கங்களின் சீட்டுகளைக் கூடுதல் விலைக்கு விற்பதைத் தடுத்துவிட்டது. ஓர் ஆட்டத்தின் ரசிகருக்குக் கிடைக்கும் காப்பு இன்னோர் ஆட்டத்தின் ரசிகருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

கேள்வி: நுழைவுச்சீட்டு 79 பவுண்டு என்று காட்டினார்கள். பணம் கட்டும் பக்கத்தில், தவிர்க்கவே முடியாத "சேவைக் கட்டணம்" சேர்ந்து 96 ஆகிவிட்டது. இதற்கு அனுமதி உண்டா?

பதில்: இல்லை. கட்டாயக் கட்டணங்களை முதலில் மறைத்துக் கடைசியில் சேர்ப்பது 2025 ஏப்ரல் 6 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. இரண்டு பக்கங்களையும் படமெடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள்.

கேள்வி: ட்விக்கன்ஹாமில் பிற்பகல் 3 மணி ஆட்டத்துக்குச் சென்றேன். திரும்பி வர, மலிவாகக் கிடைத்ததால் 5.05 மணி ரயிலுக்கு "அட்வான்ஸ்" வகைச் சீட்டு வாங்கியிருந்தேன். அந்த ரயிலைப் பிடிக்க முடியவில்லை. அடுத்த ரயிலில் புதிதாகச் சீட்டு வாங்க வைத்தார்கள். கூடுதலாகப் போன பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது?

பதில்: பெற முடியாது. அட்வான்ஸ் சீட்டு குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதை அதை விற்கும் ஒவ்வொரு பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ட்விக்கன்ஹாமில் 82,000 பேர் அமர்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அவர்களில் பெரும்பகுதியினர் ஒரே ரயில் நிலையத்தை நோக்கி நடக்கிறார்கள். இதை அறிந்தும், ஆட்டம் முடியும் நேரத்தை ஒட்டிப் புறப்படும் ரயிலுக்கு மட்டுமே செல்லும் சீட்டை வாங்குவது எந்த வகையிலும் சிக்கனமாகாது. போகும்போது அட்வான்ஸ் வாங்குங்கள். திரும்பும்போது நேரக் கட்டுப்பாடு குறைந்த "ஆஃப் பீக்" சீட்டை வாங்குங்கள். ஆட்டத்துக்குப் பின் நிலைய வரிசையில் நிற்க மனமில்லாதவர்கள் ரிச்மண்ட் வரை நடந்து சென்று டிஸ்ட்ரிக்ட் பாதை சுரங்க ரயிலைப் பிடிக்கலாம்.

கேள்வி: வேல்ஸின் கார்டிஃபில் வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்கு ஆட்டம். முடிந்தவுடன் ஓடியும், நிலையத்துக்கு வெளியே வரிசையில் நின்றபடியே லண்டனுக்கான கடைசி ரயிலைத் தவறவிட்டோம். அறை கிடைக்காமல் வாடகைக் காருக்கு 290 பவுண்டு கொடுத்தோம். யாரைக் கேட்பது?

பதில்: இதைப் பற்றிப் பல காலமாக எழுதி வருகிறேன்; மறுபடியும் எழுதுகிறேன்.

ரக்பி ஆட்டம் 40 நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாக ஆடப்படுகிறது. இடைவேளை 15 நிமிடம் வரை நீளும். காயம்பட்ட வீரருக்குச் சிகிச்சை அளிக்கவும், நடுவர் காணொளியைப் பார்த்து முடிவு செய்யவும் கடிகாரம் நிறுத்தப்படுகிறது. ஆகவே இரவு 8 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் ஏறக்குறைய 10 மணிக்குத்தான் முடிகிறது. கார்டிஃப் அரங்கம் நகரின் நடுவிலேயே, மத்திய ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் இருப்பது பகலில் பெரிய வசதி. இரவிலோ, 74,000 பேர் அமரும் அரங்கம் ஒரே நேரத்தில் காலியாகி அத்தனை பேரும் அந்த நிலையத்தின் முன் குவிகிறார்கள். சேருமிடத்தின்படி தனித்தனி வரிசைகளில் நிறுத்தப்பட்டுச் சிறுசிறு கூட்டமாக உள்ளே விடப்படுகிறார்கள். பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் எனக்குக் குறையில்லை. என் மனக்குறையெல்லாம், இந்தக் கணக்கு முழுவதையும் முன்கூட்டியே அறிந்தவர்கள், அறியாதவரின் தலையில் செலவை ஏற்றுகிறார்களே என்பதுதான்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தைத் தீர்மானிப்பதில் தொலைக்காட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. கழகங்களுக்கு இடையிலான தொடர்களில் முதலில் வார இறுதியை மட்டும் அறிவித்துவிட்டு, எந்த நாள், எந்த நேரம் என்பதை ஒளிபரப்பாளரின் தெரிவுக்குப் பின்னரே உறுதி செய்கிறார்கள். ஆனால் நுழைவுச்சீட்டு விற்பனை அதற்காகக் காத்திருப்பதில்லை. "நேரம் மாறக்கூடும்" என்ற ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, மாறினால் வரும் இழப்பு முழுவதையும் வாங்கியவரிடம் விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அமர்ந்து பார்ப்பவருக்கு வசதியான நேரம், அரங்கத்துக்கு நேரில் வந்து பணம் கொடுப்பவருக்கு வீடு திரும்ப வழியில்லாத நேரமாகிறது. ஒளிபரப்பு உரிமையால் வரும் பணம் ஆட்டத்தை வளர்க்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. நுழைவுச்சீட்டு விற்கும் பக்கத்திலேயே, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, ஆட்டம் முடியும் உத்தேச நேரத்தையும் முக்கிய ஊர்களுக்கான கடைசி ரயிலின் நேரத்தையும் அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு வரி எழுதச் செலவே இல்லை. அவற்றைப் படித்த குடும்பம் அன்றிரவே ரத்து செய்யத்தக்க ஓர் அறையைப் பதிவு செய்திருக்கும், அல்லது வாங்காமலே இருந்திருக்கும். இரண்டாவது நடந்துவிடும் என்ற அச்சத்தினால்தான் அந்த வரிகள் அங்கே இல்லை என்பது என் கருத்து.

உங்கள் 290 பவுண்டுக்கு வருகிறேன். அன்றிரவு ஓட வேண்டிய ரயில் ரத்தாகியிருந்தாலோ தாமதமாகியிருந்தாலோ, வழியில் சிக்கிய பயணியைத் தம்மால் இயன்றவரை ஊர் சேர்க்கவோ தங்கவைக்கவோ வேண்டிய கடமை ரயில் நிறுவனங்களுக்கு உண்டு; அப்படி நடந்ததா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ரயில் நேரத்துக்குப் புறப்பட்டு, நீங்கள் மட்டும் வரிசையில் நின்றிருந்தால் கோரிக்கை வலுவிழக்கிறது. ஆனாலும் வரிசையில் சேர்ந்த நேரத்தைக் காட்டும் படம் கைபேசியில் இருந்தால், அதை இணைத்து எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ரயில் 45 நிமிடம் தாமதம். முதல் பாதியைப் பார்க்கவே முடியவில்லை. நுழைவுச்சீட்டின் விலையில் பாதியை ரயில் நிறுவனம் தருமா?

பதில்: பொதுவாகத் தராது. ரயில் கட்டணத்துக்கான இழப்பீட்டை "டிலே ரீபே" திட்டத்தில் 28 நாட்களுக்குள் கேளுங்கள். 30 முதல் 59 நிமிடம் வரையிலான தாமதத்துக்கு ஒருவழிக் கட்டணத்தில் பாதி கிடைக்கும். தகுதியிருந்தும் கேட்காமல் விட்டுவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி: அரங்கத்துக்கு அருகிலுள்ள குடியிருப்புத் தெருவில் எல்லாரும் நிறுத்தியிருந்ததால் நானும் காரை நிறுத்தினேன். நகராட்சி அபராதம் விதித்துவிட்டது. மேல்முறையீடு செய்யலாமா?

பதில்: எந்த அடிப்படையில்? போட்டி நாளில் குடியிருப்போர் மட்டுமே நிறுத்தலாம் என்ற பலகையைப் படிக்கவில்லை என்பது காரணமாகாது. 14 நாட்களுக்குள் கட்டினால் பாதித் தொகையோடு முடியும், கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஒரு வீட்டின் முன்றிலில் கார் நிறுத்த இணையத்தில் 35 பவுண்டு கட்டினேன். போனால் கதவு பூட்டியிருந்தது. வேறிடத்தில் 50 பவுண்டு கொடுத்து நிறுத்தினேன். தளம் "அடுத்த முறைக்கான வரவு" தருகிறதாம்.

பதில்: வரவை ஏற்காதீர்கள். இதே போன்ற ஓரிடத்துக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன். பூட்டிய கதவு, எடுக்கப்படாத தொலைபேசி, பிறகு அதே வரவு. நான் அதை மறுத்து, தராத சேவைக்குப் பணத்தைப் பணமாகவே திருப்பித் தர வேண்டும் என்று எழுதிய பின்னரே அசைந்தார்கள். உங்களுக்கு 35 பவுண்டும் வர வேண்டும், அவர்கள் தவறியதால் கூடுதலாகச் செலவான 15 பவுண்டும் வர வேண்டும். பூட்டிய கதவின் படமும் இரண்டாவது இடத்தின் ரசீதும் உங்கள் சான்றுகள்.

கேள்வி: எடின்பரோவின் மர்ரேஃபீல்டு அரங்கத்துக்குக் காரில் போவதா, விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரா?

பதில்: இரண்டும் வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வரும் டிராம் அரங்கத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. ஏறுவதற்கு முன் நிறுத்தத்திலேயே சீட்டை வாங்கிவிடுங்கள்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் 95 பவுண்டுக்கு உறுதி செய்த அறையை, ஆட்டத் தேதி அறிவிக்கப்பட்டதும் "கணினிப் பிழை" என்று விடுதி ரத்து செய்துவிட்டது. அதே அறை இப்போது 310 பவுண்டுக்கு விற்பனையில் இருக்கிறது.

பதில்: இது பிழையன்று, பேராசை. உறுதி செய்யப்பட்ட பதிவு ஓர் ஒப்பந்தம். 950 என்பதற்குப் பதிலாக 9.50 என்று அச்சாகியிருந்தால் பிழை என்ற வாதம் எடுபடலாம். 95 பவுண்டு சாதாரண நாளின் சாதாரண விலை. இப்போது 310க்கு விற்கும் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளை அது மறைந்துவிடலாம். பழைய விலைக்கே அறையைத் தரவேண்டும், இல்லையேல் அதே தரத்தில் வேறு அறை எடுத்து விலை வித்தியாசத்தை வசூலிப்பேன் என்று 14 நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதிவை ரத்து செய்யும் உரிமை விடுதிக்கு உண்டு என்று நிபந்தனைகளில் எங்காவது இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு அறை எடுக்கும்போது நியாயமான விலையில் எடுங்கள். ஆடம்பர அறையின் விலையை நீதிமன்றம் ஏற்காது. கெடு கடந்தால் சிறு வழக்கு மன்றத்தில் நீங்களே மனுச் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: விமானம், அறை, ஆட்டச் சீட்டு எல்லாம் சேர்ந்த தொகுப்பாகப் பாரிஸ் பயணம் வாங்கினோம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஆட்டச் சீட்டு இல்லை என்றார்கள். சீட்டுக்கான 120 பவுண்டை மட்டும் தருவார்களாம்.

பதில்: அதோடு விடாதீர்கள். உங்கள் பயணத்தின் நோக்கமே ஆட்டம்தான். ஸ்டாட் த ஃபிரான்ஸ் அரங்கத்தின் பெயரைப் போட்டுத்தான் அந்தத் தொகுப்பை விற்றிருக்கிறார்கள். 2018ஆம் ஆண்டின் தொகுப்புப் பயண விதிகளின்படி, தொகுப்பில் அடங்கிய ஒவ்வொன்றுக்கும் அதை விற்ற நிறுவனமே பொறுப்பு. சீட்டு தந்தவர் ஏமாற்றிவிட்டார் என்று அவர்கள் உங்களிடம் சொல்லித் தப்ப முடியாது. விலைக் குறைப்போடு, பயணம் பாழானதால் ஏற்பட்ட ஏமாற்றத்துக்கும் தனியாக இழப்பீடு கேட்கலாம். எல்லாவற்றையும் தனித்தனியாக வாங்கியிருந்தால் இந்தப் பிடி உங்களுக்கு இருந்திருக்காது. எழுதும்போது விளம்பரத்தின் நகலை இணையுங்கள். 120 பவுண்டை "முழுத் தீர்வாக" ஏற்பதாக எந்தத் தாளிலும் கையொப்பமிடாதீர்கள்.

கேள்வி: போட்டிக்கென்றே புதிதாக வாங்கிய முதுகுப்பையை உள்ளே விடவில்லை. பைக்கடையில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: பையில் குறை ஏதும் இல்லையே. கார்டிஃப் உட்படப் பல அரங்கங்கள் ஏ4 தாளை விடப் பெரிய பைகளை அனுமதிப்பதில்லை. வாங்குவதற்கு முன் அரங்கத்தின் விதிகளைப் பார்த்திருக்க வேண்டும். பயன்படுத்தாமல் ரசீதோடு வைத்திருந்தால், கடைக்காரர் விரும்பினால் மாற்றித் தருவார்.