சீனாவில் ஆங்கில இலக்கியமா, மொழிபெயர்ப்பா? மேற்படிப்பு பற்றிய கேள்வி பதில்

கவின், திருச்சி: பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டேன். சீனம் தெரியாது. அங்கே மொழிபெயர்ப்பு முதுகலையில் (எம்.டி.ஐ.) சேர முடியுமா மேடம்?

முடியாது. எம்.டி.ஐ. என்பது 2007-ல் 15 பல்கலைக்கழகங்களுக்கு அனுமதி தந்து தொடங்கிய தொழில்முறைப் பட்டம். பிரிவின் பெயரில் ஆங்கிலம் இருந்தாலும் வேலை முழுக்க ஆங்கிலத்துக்கும் சீனத்துக்கும் நடுவேதான். எழுத்துப் பிரிவில் படிப்பவர் பட்டம் வாங்குவதற்குள் குறைந்தது 1,50,000 சீன எழுத்து அளவுக்கு மொழிபெயர்த்திருக்க வேண்டும். வாய்மொழிப் பிரிவு என்றால் 400 மணி நேரப் பயிற்சி. எச்.எஸ்.கே. எனும் சீன மொழித் திறன் தேர்வின் 5-ஆம் நிலைச் சான்றிதழை வைத்து உள்ளே போனாலும் திணறுவீர்கள். அந்த நிலையின் பழைய பட்டியலில் இருந்ததே 2,500 சொற்கள்தான்.

இப்போதைக்கு உங்களுக்குப் பொருத்தம் ஆங்கில மொழி இலக்கிய ஆய்வு முதுகலை. பல இடங்களில் மூன்று ஆண்டு. இலக்கியப் பாடங்களும் ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆனாலும் சேர்க்கை அறிவிப்பில் 'பயிற்று மொழி' என்ற வரியைப் படிக்காமல் விண்ணப்பிக்காதீர்கள். ஆங்கிலத் துறை என்பதாலேயே அங்கே ஆங்கிலம் என்று இருக்காது. சீனம் என்றிருந்தால் சீனச் சான்றிதழ் கட்டாயம்.

சுபா: டிசம்பர் மாத தேசிய நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

தயாராக வேண்டாம். அது சீனக் குடிமக்களுக்கானது: எம்.டி.ஐ.க்கு நான்கு தாள், 500 மதிப்பெண், அதில் 100 அரசியலுக்கு. வெளிநாட்டவர் விண்ணப்பம், நேர்காணல் வழியே போகிறார்கள். அரசியல் பாடத்துக்குப் பதில் சீன மொழியும் சீன நாட்டு அறிமுகப் பாடமும் படிக்க வேண்டும்.

ரம்யா, மதுரை: சீன அரசு உதவித்தொகை எவ்வளவு? படிப்புத் திட்டத்தில் என்ன எழுதுவது?

முழு உதவித்தொகை என்றால் கல்விக் கட்டணம், தங்குமிடம் போக முதுகலைக்கு மாதம் 3,000 யுவான், முனைவர் பட்டத்துக்கு 3,500. முதுகலைக்கு வயது 35-க்குள் இருக்க வேண்டும். தூதரகம் வழியாகவும் போடலாம், பல்கலைக்கழகம் வழியாகவும் போடலாம். விண்ணப்பக் காலம் பொதுவாக ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் முடிந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது படிப்புத் திட்டத்தில்தான். "ஆங்கில இலக்கியத்தில் ஆர்வம் அதிகம்" என்று இரண்டு பக்கம் எழுதினால், அதற்கு ஏன் சீனா என்றுதான் விண்ணப்பத்தைப் பார்ப்பவர் கேட்பார். அங்கே போனால்தான் செய்யக்கூடிய வேலையை எழுதுங்கள். ஜூ ஷெங்ஹாவ் 1944-ல் 32 வயதில் இறப்பதற்குள் ஷேக்ஸ்பியரின் 31 நாடகங்களைச் சீனத்தில் முடித்திருந்தார். இன்னொரு மொழிபெயர்ப்பாளர் லின் ஷுவுக்கு அயல்மொழி எதுவும் தெரியாது. நண்பர்கள் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல மேற்கத்திய நாவல்களைச் செவ்வியல் சீனத்தில் எழுதினார். ஒரு நாடகத்தை எடுத்து, அதன் சீன வடிவத்தையும் தமிழ் வடிவத்தையும் ஒரே காட்சியில் ஒப்பிடுகிறேன் என்று சொன்னால், அதை உங்களைப் போல் செய்ய அந்தத் துறையில் வேறு ஆள் கிடைப்பது அரிது. எந்தப் பேராசிரியரின் ஆய்வோடு அது சேர்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

ஜோசப்: சீனம் தெரியாமல் எம்.டி.ஐ...

கவினுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

நிலா: சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்கலாமா?

என் துறை இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள்.

தமிழ்ச்செல்வன்: எச்.எஸ்.கே. 6 முடித்துவிட்டேன். வாய்மொழிப் பயிற்சியில் எண் வந்தால் தடுமாறுகிறேன்.

சீனத்தில் எண் நான்கு நான்கு இலக்கமாக நகரும். 'வான்' பத்தாயிரம், 'யீ' பத்துக் கோடி. 1,350,000,000 என்று ஆங்கிலத்தில் கேட்டால் குறிப்பேட்டில் 13|5000|0000 என்று கோடு போடுங்கள். முதல் கோட்டில் 'யீ', இரண்டாவதில் 'வான்'. 13.5 யீ என்று வாய் தானாகச் சொல்லும். மனதுக்குள் 135 கோடி ஆக்கி, அங்கிருந்து சீனத்துக்குப் போகாதீர்கள். மூன்றாவது கணக்கு உள்ளே வந்தால் அடுத்த வாக்கியம் காதில் விழாது.

மதி: எம்.டி.ஐ. இறுதி அறிக்கையில் ஸ்கோபோஸ் கோட்பாட்டுக்குத் தனி அத்தியாயம் வேண்டுமாம். தேவையா?

இளங்கோ: கோட்பாடு இல்லாவிட்டால் அது முதுகலையே இல்லை. மதி, போட்டுவிடுங்கள்.

இளங்கோ, கோட்பாடு வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஒட்டவைப்பதைத்தான் எதிர்க்கிறேன். ஜெர்மன் மொழிபெயர்ப்பியல் அறிஞர் வெர்மீரின் ஸ்கோபோஸ், மொழிபெயர்ப்பு யாருக்காக, எந்த நோக்கத்துக்காக என்று கேட்கிறது. நீங்களே ஒரு புத்தகத்தை எடுத்து, யாருக்கு என்றே சொல்லாமல் மொழிபெயர்த்துவிட்டு ஸ்கோபோஸ் என்றால் அதற்குப் பிடிமானமே இல்லை. முதல் அத்தியாயத்தில் பதிப்பகம் எத்தகையது, வாசகர் யார் என்று வரையறுங்கள். இன்னொரு கோட்பாட்டாளரான நைடாவை எடுத்தால் வாசகரின் எதிர்வினைதான் அளவுகோல். மூன்று பேருக்காவது வாசிக்கக் கொடுத்து அவர்கள் தடுக்கிய இடங்களைக் குறித்திருக்க வேண்டும்.

இளங்கோ: நடைமுறையில் அவ்வளவு யாரும் செய்வதில்லை. மதிப்பீட்டாளர் பார்ப்பது அத்தியாயத் தலைப்பைத்தான்.

தலைப்பைப் பார்ப்பவரும் உண்டு. ஆனால் வெளி மதிப்பீட்டில் திருப்பி அனுப்பப்படும் அறிக்கைகளில் அடிக்கடி வரும் குறை, கோட்பாடும் உதாரணமும் தனித்தனியே கிடக்கின்றன என்பதுதான். ஒரு சோதனை செய்யுங்கள்: உதாரணங்களை அலசும் நான்காம் அத்தியாயத்தில் கோட்பாட்டின் பெயரை எல்லா இடத்திலும் அடித்துவிடுங்கள். விளக்கம் அப்படியே நின்றால் கோட்பாடு எந்த வேலையும் செய்யவில்லை.

மதி, ஒவ்வொரு உதாரணத்துக்கும் மூல வாக்கியம், முதல் வரைவு, திருத்திய வரைவு, காரணம் என்று நான்கும் வேண்டும். ஆங்கிலச் செயப்பாட்டு வினையைக் கண்டதும் சீனத்தின் செயப்பாட்டுச் சொல்லான 'பெய்' போடுவது முதல் வரைவில் எல்லாரும் செய்வது. மரபான சீனத்தில் அது அடிபட்டான், ஏமாற்றப்பட்டான் போன்ற கேடுகளுக்கே அதிகம் வரும். 'அவனிடம் சொல்லப்பட்டது' என்பதை 'ஒருவர் அவனிடம் சொன்னார்' என்று திருப்பியிருந்தால் இரண்டு வரைவையும் வைத்து ஏன் என்று எழுதுங்கள். அப்படிப் பத்து இடம் கிடைத்தால், எந்தக் கோட்பாடு பொருந்தும் என்று அவையே காட்டும். முதல் வரைவுகளை அழித்துவிடாதீர்கள். கடைசி மாதத்தில் அவற்றைக் கற்பனையாக உருவாக்கினால் பளிச்சென்று தெரியும். மூலநூல் ஏற்கெனவே சீனத்தில் வந்திருக்கிறதா என்று சீன தேசிய நூலகப் பட்டியலில் முதலிலேயே பாருங்கள்.

அஸ்வின்: ஏஜென்ட், ஆங்கில வழி எம்.டி.ஐ. உறுதி என்கிறார். முன்பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். 'பயிற்று மொழி' வரியைப் பல்கலைக்கழகத்தின் சொந்த அறிவிப்பில் காட்டச் சொல்லுங்கள். சேர்க்கைக் கடிதத்தோடு விசாவுக்கான ஜே.டபிள்யூ. படிவமும் (அரசு உதவித்தொகைக்கு 201, சொந்தச் செலவுக்கு 202) பல்கலைக்கழகம் வழியே வர வேண்டும். நீண்ட காலப் படிப்புக்கு எக்ஸ்-1 விசா. சீனா போய் இறங்கிய 30 நாளுக்குள் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.