புது இக்னிஷன் போட்டபின் வண்டி எடுக்க மாட்டேங்குதா? மலைக்காரர்களுக்குப் பதில்கள்

பாயின்ட்டை (கரன்ட்டை வெட்டி ஸ்பார்க் வரவைக்கும் பழைய தொடுமுனை) கழற்றிவிட்டு, அதே வேலையை சென்சாரால் செய்யும் எலக்ட்ரானிக் கிட் மாட்டியவர்கள் எல்லோரும் "ஸ்டார்ட் ஆக லேட் ஆகுது" என்று ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இரண்டு நோய் இருக்கிறது. செல்ஃப் மோட்டாரே இன்ஜினைச் சுற்ற முடியாமல் திணறுவது ஒன்று. இன்ஜின் ஜோராகச் சுற்றியும் பிடிக்காமல் போவது இன்னொன்று. உங்கள் வண்டிக்கு எது என்று முதலில் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்பேனரை அப்புறம் எடுக்கலாம்.

கேள்வி (ஊட்டி): அண்ணா, என் பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு கிட் போட்டேன். முன்பெல்லாம் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். இப்போது செல்ஃப் ஒரு சுற்று போய், முட்டி நின்று, மறுபடி இழுக்கிறது. பேட்டரி புதுசு. கிட்டே மட்டமா?

பதில்: கிட்டைத் திட்டாதீர்கள் தம்பி. "முட்டி நின்று" என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. டைமிங், அதாவது ஸ்பார்க் விழுகிற நேரம், முன்னால் போயிருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள் ஸ்பார்க் விழுந்தால், எரிகிற வாயு அதைக் கீழே தள்ளும். செல்ஃப் மோட்டார் மேலே தள்ளும். இரண்டுக்கும் நடுவில் பேட்டரி சாகும்.

உறுதி செய்ய ஒரே சோதனை போதும். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வையுங்கள் (நம்மூர் வாசல்களில் சமதரை ஏது?). காயிலுக்கும் (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் பாகம்) கிட்டுக்கும் வருகிற சிறிய பிளஸ் ஒயரைக் கழற்றி, எங்கும் படாமல் ஒதுக்கிவிட்டு செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் தடையில்லாமல் சுற்றினால் குற்றவாளி டைமிங். அப்போதும் திணறினால் பேட்டரி, கேபிள், மோட்டார் பக்கம் போங்கள். சிலர் இந்தச் சோதனைக்கு காயிலின் தடித்த ஒயரைப் பிடுங்கி அந்தரத்தில் விடுவார்கள். பாயின்ட் காலத்தில் அது சரி. இப்போது அப்படிச் செய்தால் ஸ்பார்க் போக வழியில்லாமல் கிட்டுக்குள்ளேயே அடித்து, அதைக் கொன்றுவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் பாகம், கிட் இதற்குள்தான் இருக்கிறது) அசைக்கவே இல்லையே என்பீர்கள். பாயின்ட் திறக்கிற இடமும் கிட்டின் சென்சார் தட்டுகிற இடமும் ஒன்றல்ல. அதனால் கிட் மாட்டினால் டைமிங்கைப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே ரோட்டர் சுற்றுகிற திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரைத் துளி திருப்பினால் டைமிங் பின்னால் வரும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்கு வருகிற வேக்கம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலில் டைமிங் லைட் (ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னி டைமிங் குறியைக் காட்டும் விளக்கு) பிடித்துப் பாருங்கள்.

கேள்வி (கோத்தகிரி): சார், நீங்கள் சொன்ன ஒயரைக் கழற்றியும் சுற்று மெதுவாகத்தான் இருக்கிறது. பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டுகிறது. டிசம்பர் காலையில் ரொம்ப மோசம்.

பதில்: சும்மா நிற்கிற பேட்டரி 12.6 காட்டுவதில் பெருமை ஒன்றுமில்லை. செல்ஃப் அடிக்கும்போது என்ன காட்டுகிறது? 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி கரன்ட் தின்கிறது. 11-க்கு மேலேயே நின்றும் சுற்று மெதுவாக இருந்தால், பேட்டரியில் இருக்கிற கரன்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், கிளாம்பில் அல்ல. இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் (கரன்ட் பேட்டரிக்குத் திரும்புகிற வழி) சரியில்லை. இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் பட்டையைக் கழற்றிப் பாருங்கள். மேலே பளபளப்பாக இருக்கும், போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவுமாக இருக்கும். மாதக்கணக்கில் மூடுபனியில் நிற்கிற வண்டி வேறு எப்படி இருக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். இது இக்னிஷனுக்கும் சேர்த்துத்தான். வோல்ட் மிகவும் இறங்கினால் பல கிட்டுகள் ஸ்பார்க் தராமல் மௌனமாகிவிடும்.

20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் அதுவும் ஒரு பாரம். உறைபனிக் காலையில் அது இறுகிக் கிடக்கும். உங்கள் இன்ஜின் புத்தகம் இடம் கொடுத்தால் 10டபிள்யூ-40 போடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): அண்ணே, பெட்ரோல் ஜீப். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்காது. சலித்துப்போய் சாவியை விடுகிற நொடியில் 'டப்' என்று எடுத்துவிடுகிறது.

பதில்: அழகான அறிகுறி இது. கிட்டுக்குக் கரன்ட் எடுத்த ஒயர், சாவி ஸ்டார்ட் நிலையில் இருக்கும்போது செத்துப்போகிறது. விட்டதும் உயிர் வருகிறது, இன்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதால் பிடித்துக்கொள்கிறது. கிட்டின் பிளஸ்ஸில் மீட்டரை வைத்து செல்ஃப் அடித்தால் தெரிந்துவிடும். சாவியின் இரண்டு நிலையிலும் உயிரோடு இருக்கும் ஒயருக்கு மாற்றுங்கள்.

பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரன்ட்டைக் குறைக்கும் பாகம்) இருந்தால் அதையும் கவனியுங்கள். பெரும்பாலான கிட்டுகளுக்கு முழு 12 வோல்ட் வேண்டும், ஆகவே கிட்டின் ஒயரை ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து எடுங்கள். அதற்காக ரெசிஸ்டரையே தூக்கி எறியாதீர்கள். 1.5 ஓம் காயில் அதை நம்பித்தான் இருக்கிறது, இல்லாவிட்டால் சூடேறி எரியும்.

கேள்வி (குன்னூர்): புல்லட்டுக்கு கிட் மாட்டியதிலிருந்து கிக்கர் திருப்பி அடிக்கிறது. கணுக்கால் வீங்கிவிட்டது.

பதில்: அம்பாசடர்காரருக்குச் சொன்னதேதான், டைமிங் முன்னால் போயிருக்கிறது. கூடவே அட்வான்ஸ் யூனிட்டின் (வேகம் கூடும்போது டைமிங்கை முன்னால் தள்ளும் பாகம்) எடைகளைக் கையால் விரித்து விடுங்கள். ஸ்பிரிங் 'டக்' என்று இழுத்துக்கொள்ள வேண்டும். விரிந்தே நின்றால் டைமிங் எப்போதும் முன்னால்தான். கால் ஆறும்வரை உதைக்காதீர்கள்.

கேள்வி (பூம்பாறை): என் பிக்கப் டீசல். பூண்டு லோடு ஏற்றிப் போக விடியற்காலையில் எடுக்கவே மாட்டேங்குது. இந்த கிட் போடலாமா?

பதில்: டீசலுக்கு ஸ்பார்க் ஏது அண்ணாச்சி! சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள்.

கேள்வி (ஊட்டி): மேட்டுப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் டைமிங் வைத்தார். இங்கே வந்ததும் இழுவை இல்லை. நானே கொஞ்சம் முன்னால் தள்ளினேன், நன்றாக ஓடுகிறது. ஆனால் பர்லியார் வழியாகச் சமவெளிக்கு இறங்கினால் 'கினுகினு' என்று தட்டுகிறது, கீழே சூடாக ஸ்டார்ட் செய்தால் முட்டுகிறது.

பதில்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். சிலிண்டருக்குள் காற்று குறைவு, அமுக்கமும் குறைவு, அதனால் முன்னால் வைத்த டைமிங்கை இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். கீழே காற்று அடர்ந்ததும் பொறுக்காது. வாரம் ஒருமுறை சமவெளிக்கு இறங்குகிறவர் என்றால் கீழே தட்டாத அளவுக்கே வையுங்கள். இழுவை கொஞ்சம் போனால் போகட்டும், பிஸ்டன் மிஞ்சும்.

இன்னொன்று. மெலிந்த காற்றில் கார்புரேட்டர் பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும். சூடான இன்ஜினுக்குப் பழக்கத்தில் சோக் இழுத்துவிட்டு இக்னிஷனைச் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்றுங்கள். கறுத்து நனைந்திருந்தால் சோக்கில்தான் தப்பு.

கேள்வி (தாண்டிக்குடி): மழை நாளில் மட்டும் எடுக்க நேரமாகிறது. கிட் விற்றவர் பிளக் இடைவெளியைக் கூட்டச் சொன்னார், கூட்டியிருக்கிறேன்.

பதில்: முதலில் பழைய அளவுக்கே கொண்டுவாருங்கள். இடைவெளி கூடக்கூட அதிக வோல்ட் வேண்டும். ஈரத்தில் அந்த வோல்ட் பிளக் வரை போகாமல் பாதியில் இறங்கிவிடும். இருட்டியபின் பானட்டைத் திறந்து வைத்து செல்ஃப் அடியுங்கள். பிளக் ஒயர்களின் மேல் நீலமாகக் கீற்று ஓடினால் ஒயரை மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் மூடியும் போயிற்று, துடைத்துப் பயனில்லை.

கேள்வி (கூடலூர்): கழற்றிய பாயின்ட் பிளேட்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம். கண்டென்சர், திருகுகளோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். எலக்ட்ரானிக் கிட் போனால் வழியில் பழுது பார்க்க முடியாது, மாற்றத்தான் முடியும். கிட்டுக்காகக் குறைந்த ஓம் காயில் மாற்றியிருந்தால் பழைய காயிலையும் சேர்த்து வையுங்கள். புதுக் காயிலோடு பாயின்ட்டை ஓட்டினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பாயின்ட் கருகிவிடும்.