எஞ்சின் நம்பர் பொருந்தாத லேண்ட் ரோவரா, ஓப்பன் பேப்பர் கெப்பா?

கேள்வி: நோர்வூட் பக்கம் சின்னதாக ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நண்பர்களோடு காசல்ரீ நீர்த்தேக்கத்திலோ மவுசாகலை நீர்த்தேக்கத்திலோ தூண்டில் போடப் போய்விடுவேன். பதினான்கு அடி ஃபைபர் படகு ஒன்று இருக்கிறது. அதை ட்ரெயிலரில் இழுக்க ஃபோர் வீல் வண்டி தேடினேன். கண்டியில் ஒரு கார் சேலில் பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் பார்த்து 4 லட்சம் ரூபா அட்வான்ஸ் கொடுத்தேன். படகு இழுக்கத்தான் வண்டி என்று முதலிலேயே சொன்னேன். "ஒரிஜினல் எஞ்சின், யோசிக்காமல் எடுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வொய்ஸ் கூட அனுப்பினார்கள். ஐந்து வாரம் கழித்து எங்கள் கராஜ் பாஸ் போய்ப் பார்த்தால், உள்ளே இருப்பது வேறு ஒரு ஜப்பான் எஞ்சின். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள நம்பர் அதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், நான் கையெழுத்து வைத்த பற்றுச்சீட்டைக் காட்டுகிறார்கள். "முற்பணம் திருப்பித் தரப்பட மாட்டாது" என்று சிங்களத்தில் இருக்கிறதாம். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. இதற்கிடையில் பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் டபள் கெப் ஒன்று தருகிறேன் என்கிறார். எஞ்சின், செசி நம்பர் எல்லாம் சரி, ஓப்பன் பேப்பர். லீசிங் கொஞ்சம் மிச்சம், அதை மாதா மாதம் நான் கட்டினால் போதுமாம். அட்வான்ஸ் போனால் போகட்டும் என்று கெப்பை எடுத்துவிடலாமா?

பதில்: அன்பின் நண்பருக்கு, வேண்டாம். அட்வான்ஸையும் விடாதீர்கள், அந்தக் கெப்பையும் எடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை வாசிக்கிற எவருக்கும் லேண்ட் ரோவர்தான் வில்லங்கம், கெப் சுத்தம் என்று தோன்றும். சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தால் தலைகீழ். எஞ்சின் மாறியிருப்பது குறைதான், ஆனால் திருத்தக்கூடிய குறை. ஓப்பன் பேப்பரும் லீசிங்கும் ஒன்றாகச் சேர்ந்த வண்டியைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை, விற்கிறவர் கையிலும் இல்லை.

முதலில் கெப்பின் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் இரண்டு பெயர் இருக்கும். பதிவு உரிமையாளர் ஒருவர், பூரண உரிமையாளர் லீசிங் கம்பனி. கடைசித் தவணை கட்டி, கம்பனி தன் பெயரை விடுவிக்கும் வரை வண்டி கம்பனியுடையது. அந்த மனிதர் உங்களுக்கு விற்பது வண்டியை அல்ல, அதை ஓட்டுகிற வசதியை. அதையும் கம்பனியின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் இன்னொருவருக்குக் கொடுக்க அவருக்கு உரிமை கிடையாது. நீங்கள் ஒழுங்காகப் பணம் கொடுத்து, அவர் அதைக் கம்பனியில் கட்டாமல் விட்டால், ஒருநாள் காலையில் வண்டியைத் தூக்க ஆள் வருவார்கள். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் பார்ப்பது கம்பனியையும் ஒப்பந்தம் போட்டவரையும்தான். அதில் உங்கள் பெயர் எங்குமே இல்லை.

ஓப்பன் பேப்பர் என்பதை நம் ஊரில் ஏதோ ஒரு சலுகை மாதிரிச் சொல்கிறார்கள். பதிவு உரிமையாளர் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரையும் திகதியையும் வெறுமையாக விடுவதற்குத்தான் அந்தப் பெயர். மோட்டார் போக்குவரத்துச் சட்டமோ, வண்டி கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கச் சொல்கிறது. வெறும் படிவம் நான்கு கை மாறி, கையெழுத்து வைத்தவர் செத்துப்போய், பிள்ளைகள் "அப்பா விற்கவே இல்லை" என்று வந்து நின்ற வழக்கை நானே பார்த்திருக்கிறேன். மலைநாட்டில் ஃபோர் வீல் வண்டிகளுக்கு இன்னொரு பழங்கதையும் உண்டு. தோட்ட எல்லைக் காடுகளிலிருந்து இரவில் மரம் இறக்கப் பாவிப்பதும் இவற்றைத்தான். அனுமதியில்லாமல் மரம் ஏற்றிய வாகனத்தை 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசுடைமையாக்கலாம். அந்த நேரத்தில் நீதிமன்றத்தில் வந்து "என் வண்டி, எனக்குத் தெரியாமல் நடந்தது" என்று காட்ட வேண்டியவர் உரிமையாளர். புத்தகத்தில் பெயரே இல்லாத நீங்கள் எந்த முகத்தோடு போய் நிற்பீர்கள்?

கெப்புக்காரர் கம்பனியோடு பேசி, மிச்சத்தைக் கட்டி முடித்து, புத்தகத்தைத் தன் பெயருக்கு மட்டும் எடுத்துக்கொண்டு வரட்டும். அன்றைக்கு அது நல்ல வண்டி.

இனி லேண்ட் ரோவர். வண்டியின் அடையாளம் செசி. எஞ்சின் தேய்ந்தால் மாற்றுகிற பொருள்தான். பழைய லேண்ட் ரோவர்களில் ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றுவது இந்த மலைப்பக்கத்தில் புதிதில்லை. உதிரிப்பாகம் சுலபமாகக் கிடைக்கும், எண்ணெயும் குறைவாகக் குடிக்கும் என்று பாஸ்மாரே யோசனை சொல்வார்கள். மாற்றியது குற்றமில்லை. மாற்றியதைத் திணைக்களத்துக்கு அறிவித்து, பரிசோதகரிடம் வண்டியைக் காட்டி, புத்தகத்தில் பதியாமல் விட்டதுதான் பிழை. புது எஞ்சினின் கொள்ளளவோ எரிபொருளோ வேறு என்றால் அதுவும் பதியப்பட வேண்டும். அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்டும் பற்றுச்சீட்டு சேல்காரரிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் அது எந்த வண்டியிலிருந்து கழன்று வந்ததோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

ஆனால் செசி நம்பரை நீங்கள் பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பாருங்கள். டிஃபெண்டரில் வலது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், செசி இரும்பிலேயே அடித்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் சேறு, கிரீஸ் எல்லாம் துடைத்துவிட்டு, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரியில் இருக்கின்றனவா? சுற்றியுள்ள இரும்பு மட்டும் மொழுமொழுவென்று அராவியது போலவோ, சின்னதாக வெல்டிங் தழும்போ தெரிகிறதா? படம் எடுத்து, புத்தகத்தின் ஒவ்வொரு இலக்கத்தோடும் ஒப்பிடுங்கள். புத்தகத்தின் போட்டோப் பிரதியை நம்பாமல், திணைக்களத்திலிருந்து அந்த வண்டியின் பதிவு விவரத்தை நீங்களே பணம் கட்டி எடுங்கள். செசி நம்பரில் ஒரு இலக்கம் பிசகினாலும் திருத்துவதைப் பற்றிப் பேச வேண்டாம். பணத்தை மட்டும் கேளுங்கள்.

செசி சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போது உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நல்லது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. ஒரு பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். "ஒரிஜினல் எஞ்சின்" என்பது விவரம். பொருந்தாவிட்டால் நீங்கள் மறுக்கலாம், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கலாம். இன்ன தேவைக்கு என்று சொல்லி, வியாபாரியின் அறிவை நம்பி வாங்கினால் பொருள் அந்தத் தேவைக்கு உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் இந்த இரண்டாவதை உங்கள் முக்கிய ஆயுதமாக எடுக்க மாட்டேன். குறிப்பிட்ட ஒரு பொருளை அதன் வியாபாரப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்புக் கிடைக்காது என்று ஒரு விலக்கு இருக்கிறது. "அவர்தான் லேண்ட் ரோவர் வேண்டும் என்று வந்தார்" என்று எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். முதலாவதையே பிடித்து நில்லுங்கள்.

"திருப்பித் தரப்பட மாட்டாது" என்ற வரிக்கு வருவோம். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைத்தேன் என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. கையெழுத்து வைத்தவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்பதுதான் பொது விதி. மலையகத்தில் எத்தனை பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதாது. ஆனால் அந்த வரி, நீங்கள் காரணமில்லாமல் பின்வாங்கினால் பணம் போகும் என்பதற்கானது. பொய் விவரம் சொல்லி வாங்க வைத்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும் உரிமையை அது தின்றுவிடாது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் அடியில் உள்ள ரோமன் டச்சுச் சட்டம் அதில் தெளிவு.

உங்களிடம் இருக்கிற பெரிய சாட்சி அந்த வொய்ஸ் மெசேஜ். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு இதெல்லாம் நீதிமன்றத்தில் செல்லும். அதை வேறு நம்பருக்கு அனுப்பி வைத்தால் மட்டும் போதாது, வந்து விழுந்த அந்தப் போனையே பத்திரமாக வைத்திருங்கள். புதுப் போன் வாங்கப் பழையதைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? சேலுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள். 14 நாட்கள் தவணை கொடுங்கள். ஒன்றில் தங்கள் செலவில் எஞ்சின் மாற்றத்தைப் புத்தகத்தில் பதிந்து, ஒரிஜினல் எஞ்சின் இல்லாததற்கு விலையையும் குறைத்து, உங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும். இல்லையென்றால் 4 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டும். அதுவரை மிச்சப் பணத்தில் ஒரு சதமும் கொடுக்காதீர்கள், வண்டியையும் கொண்டுவராதீர்கள். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025இல் மறுபடி திறக்கும் வரை பழைய வண்டிக்காரர்கள் சொன்னதுதான் விலை. இப்போது அந்த அவசரம் இல்லை, பேரம் பேச உங்களுக்கும் இடமுண்டு.

மசியாவிட்டால் இரண்டு வழி. அவர் வியாபாரி என்பதால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பணத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகராறு வராமல் இருக்க, அட்வான்ஸ் கொடுத்த நாளிலிருந்தே கணக்கு வையுங்கள். மற்றது வழக்கு. தொகை 4 லட்சம் என்பதால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். அங்கே தீராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அது இல்லாமல் நீதிமன்றம் வழக்கை எடுக்காது. மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகளான எங்கள் கறுப்புக் கோட்டுக்கு இடமில்லை, நீங்களே பேச வேண்டும். கட்சிக்காரர் வாயால் நியாயம் கேட்டால் சில சேல்காரர்கள் சீக்கிரம் இறங்கிவருவார்கள் என்பதும் உண்மை. பொலிஸுக்குப் போகச் சொல்லி நண்பர்கள் உசுப்புவார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் ஏமாற்றிப் பொருள் பெறுவது குற்றம்தான். ஆனால் பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் "இது சிவில் வழக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி பற்றியும் என் கருத்தைக் கேட்பீர்கள். நானும் தூண்டில்காரன்தான், அதனால் சட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். தண்ணீர் வற்றிய நாளில் காசல்ரீக் கரையில் வண்டியைப் பின்னால் இறக்கி, படகை ஏற்றிவிட்டு, ஈரக் களியில் மேலே வர நினைத்துப் பாருங்கள். கெப்பின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பின்சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். என்னுடையதை ஒருமுறை தோட்டத்து ட்ரெக்டர்தான் இழுத்தது. அங்கே வேகம் உதவாது, மெதுவாக ஆனால் பலமாக இழுக்கிற லோ ரேஞ்ச் கியர்தான் உதவும். டிஃபெண்டரில் அது உண்டு, நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும், முன், பின் சக்கரங்கள் ஒன்றாகவே சுழலும்படி பூட்டுகிற நடு டிஃப் லொக்கும் உண்டு. பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால் 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்பது கம்பனிக் கணக்கு. எஞ்சின் மாறிய வண்டிக்கு அந்தக் கணக்கை அப்படியே நம்ப முடியாது. ஆனால் உங்கள் படகும் மோட்டாரும் ட்ரெயிலரும் அதன் பக்கத்திலேயே வராது. எனக்குப் பயம் இழுப்பதில் இல்லை, கினிகத்தேனை வளைவுகளில் இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளுவதில்தான். ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் போடுங்கள்.

அந்த ட்ரெயிலரும் சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். வெல்டிங் கடையில் அடித்து, நம்பர் பிளேட் இல்லாமல் ஹட்டன் டவுனுக்குள் இழுத்துக்கொண்டு போகிற படகுகளைப் பார்க்கிறேன். விபத்து நடக்காத வரை யாரும் கேட்க மாட்டார்கள். நடந்தால் காப்புறுதிக் கம்பனி கேட்கிற முதல் கேள்வி ட்ரெயிலர் பொலிசியில் இருக்கிறதா என்பதுதான். இரண்டாவது, எஞ்சின் மாற்றியதையும் ட்ரெயிலரை மாட்டும் டோ பார் பூட்டியதையும் எங்களுக்குச் சொன்னீர்களா என்பது. இரண்டையும் எழுத்தில் சொல்லி, பொலிசியில் ஏற்றச் சொல்லுங்கள்.

அப்புறம், கரைக்கு இறங்கும் தோட்டத்து ரோடு பொதுப் பாதை அல்ல. தோட்டத்தை நடத்தும் துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். நீர்த்தேக்கத்தின் ஓரக் காணியும் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நினைக்க வேண்டாம். ஹோர்ட்டன் சமவெளியில் ட்ரவுட் பிடிக்கலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். 1988 முதல் அது தேசியப் பூங்கா, தூண்டில் போட்டால் தூண்டிலோடு வண்டியும் சிக்கும்.

இப்போதைக்கு, ஐந்து வாரம் போய்விட்டது. அதிகார சபைக்கு எழுத உங்களிடம் மிச்சம் சுமார் எட்டு வாரம். கோரிக்கைக் கடிதத்துக்குக் கொடுக்கும் 14 நாளும் அதற்குள்தான் கழியும். செசி நம்பரை இந்த வாரமே பாருங்கள்.